டாக்டரும் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை

தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

 

இன்று நான் பேசப்போகும் விஷயத்தைச் சொன்னதும் எங்கள் தயாரிப்பாளர் இரண்டு தடவை கேட்டார்: "நிச்சயமா இதைத்தான் பேசப் போறீங்களா?" மனச்சோர்வு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை, கணவன் மனைவிக்கு இடையே உள்ள ஆசையை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். சாப்பாட்டு மேசையில் பேசுகிற பேச்சு இல்லைதான். முகம் சுளிக்கும்படி எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் சுற்றி வளைத்தும் பேசமாட்டேன்.

நான் டாக்டர் இல்லை. வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, மைக் பிடிக்கக் கற்றுக்கொண்டவள். கேள்வி கேட்பது என் தொழில். அதனால்தானோ என்னவோ, ஒரு கேள்வி கேட்கப்படாமல் போனதால் ஒரு குடும்பம் பட்ட பாடு என்னை இவ்வளவு உறுத்துகிறது.

அவரை அண்ணி என்று வைத்துக்கொள்வோம். உறவுக்காரர்தான். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் அம்மாவோடு விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு லயத்து வீடுகளும் காலியாகி, குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போ ஓரத்துத் தாமான்களுக்கு வந்து சேர்ந்தன. அண்ணிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அண்ணன் லோரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள்.

மாமியார் தவறிய வருஷம் அண்ணிக்குத் தூக்கம் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பார். சமைப்பார், ஆனால் சாப்பிடமாட்டார். கோயிலில் பூசை போட்டார்கள், கயிறு கட்டினார்கள். "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்று ஒருநாள் சொன்ன பிறகுதான் அண்ணன் பயந்துபோய் கிளினிக்குக் கூட்டிப் போனார். மனச்சோர்வு நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை வேலை செய்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பேசி முடித்ததும் "மாத்திரை வேண்டாம்னு டிவியில சொன்னாங்க" என்று ஒருத்தர் கிளம்பிவிடக் கூடாது. நான்கைந்து வாரத்தில் அண்ணி தூங்கினார், சாப்பிட்டார், வேலைக்குப் போனார். பிள்ளைகள் நிம்மதியானார்கள்.

ஆனால் மூன்றாவது மாதம் வீட்டில் சண்டை. அண்ணன் கிட்டே வந்தால் அண்ணி விலகிப் படுத்துக்கொள்கிறார். வெறுப்பில்லை, கோபமில்லை, அந்த இடமே மரத்துப் போனது போல ஒன்றும் தோன்றவில்லை என்றார் பிற்பாடு என்னிடம். அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்? சிரிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், என்னிடம் மட்டும் இப்படி இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் மனம் ஓடியது. தொழிற்சாலையில் யாராவது இருக்கிறார்களா என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டார். அன்றிரவே அண்ணி மாத்திரையைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பலருக்குத் தலை சுற்றும், மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்தது மாதிரி இருக்கும். அண்ணிக்கு அதுவும் வந்தது. இரண்டு மாதத்தில் பழைய நோயும் திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக.

"டாக்டர் கிட்ட சொல்லலையா அண்ணி?" என்று கேட்டேன்.

"டாக்டர் கேட்டாரு. 'அடா மசாலா லாயின்?'னு கேட்டாரு. இல்லைன்னுட்டேன்."

வேறு பிரச்சினை இருக்கிறதா என்பதற்கு மலாயில் அப்படிக் கேட்பார்கள். நம் காதில் என்னவோ கறிக்கு மசாலா கேட்பது போலத்தான் விழும். அண்ணிக்கு மலாய் தெரியும். சூப்பர்வைசரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்ல மலாயில் வார்த்தை தெரியாது. தமிழில் மட்டும் என்ன வார்த்தை இருக்கிறது அவரிடம்? டாக்டரோ தம்பி வயதுப் பையன். பக்கத்து நாற்காலியில் அண்ணன். வெளியே நாற்பது பேர் நம்பர் சீட்டோடு காத்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் இருந்தபோது நம் பெண்கள் இவ்வளவு ஊமையாக இருக்கவில்லை. லயத்து வீட்டில் பலகைச் சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ரகசியம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளவே முடியாது. ஆனால் குழாயடி இருந்தது. சாயங்காலம் துணி துவைக்கும் இடத்தில் நடுத்தர வயதுப் பெண்கள் கூடினால், புதுசாகக் கல்யாணமான பெண் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரிப் பேசுவார்கள் என்று என் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். கேலியும் கிண்டலுமாக, யாருக்கு என்ன குறை என்று பேசியே தெரிந்துகொண்டார்கள். எது சரியில்லை என்றாலும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் போய்ச் சொல்ல ஒரு கிழவி இருப்பார். தோட்டத்து வாழ்க்கையைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. அங்கே குடித்துவிட்டு அடித்த அடியையும் பாட்டிதான் சொன்னார். ஆனால் தாமானில் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, இங்கே குழாயடி எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. பேராக்காரர்களான நமக்கு மனநோய் என்றாலே ஓர் ஊர்ப்பெயர் வாயில் வந்துவிடும். தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்தார்கள். பின்னாளில் அதற்குப் பஹாகியா என்று பெயர் வைத்தார்கள். மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியும் நம் பேச்சு மாறவில்லை. கொஞ்சம் கோபப்பட்டால், "இவனை ரம்புத்தானுக்கு அனுப்பு" என்கிறோம். அண்ணி பயந்ததும் இதற்குத்தான். இன்னொரு குறையையும் சொன்னால் தன்னை அங்கே எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்று நினைத்தாராம்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசை குறைவது மனச்சோர்வு நோயின் அடையாளங்களிலேயே ஒன்று. மூளையில் ஒரு காரியத்தை விரும்பவும், அதில் இன்பம் காணவும் வைக்கிற பகுதிகள் மந்தமாகிவிடுகின்றன. பிடித்த சாப்பாடு ருசிக்காது, பிடித்த பாட்டு காதில் ஏறாது. தாம்பத்தியமும் அதில் சேர்த்திதான். ஆகவே மாத்திரை தொடாதவர்களுக்கும் இது உண்டு. நோய் குணமாகும்போது சிலருக்கு ஆசை தானாகத் திரும்பிவிடும்.

இரண்டாவது, மாத்திரை. இன்று பெரும்பாலும் கொடுக்கப்படுபவை செரட்டோனின் என்ற ரசாயனத்தை மூளையில் கூடுதலாக நிற்க வைக்கும் மாத்திரைகள். புரோசாக் என்ற பெயரில் அமெரிக்காவில் 1987இல் அனுமதி பெற்ற புளூவோக்செட்டின், பிறகு வந்த செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் எல்லாம் இந்தக் குடும்பம். செரட்டோனின் பதற்றத்தைத் தணிக்கிறது, அழுகையைக் குறைக்கிறது. அதே செரட்டோனின், ஆசையைக் கிளப்புகிற டோப்பமின் என்ற ரசாயனத்தைச் சற்று அடக்கி வைக்கிறது. உச்சநிலை வருவதையும் தாமதப்படுத்துகிறது, சிலருக்கு வராமலே செய்கிறது. சீக்கிரம் விந்து வெளியேறும் ஆண்களுக்கு இதே குடும்பத்து மருந்தையே டாக்டர்கள் கொடுப்பதுண்டு. ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது இன்னொருவருக்கு வைத்தியம்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? இங்கேதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு மனநல மருத்துவர்கள் இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் 344 பேரைப் பார்த்து 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாமாகவே வாய் திறந்து "எனக்கு இந்தத் தொல்லை இருக்கிறது" என்று சொன்னவர்கள் 100க்கு 14 பேர். டாக்டர் நேரடியாகக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 100க்கு 58 பேர். நன்றாகக் கவனியுங்கள், இது ஸ்பெயின். சாலையில் கைகோத்து முத்தம் கொடுக்கிற ஊர். அங்கேயே கேட்டால்தான் சொல்கிறார்கள். அப்படியிருக்க, மாமியார் பெயரை வாயால் சொல்லாத நம் பெண்கள் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால் எப்படி?

அதே குழு 2001இல் 1,022 பேரைப் பார்த்து வெளியிட்ட பெரிய ஆய்விலும் 100க்கு 59 பேருக்கு ஏதோ ஒரு பாலுறவுக் குறை இருந்தது. ஆனால் எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. சில மாத்திரைகளில் 70ஐத் தாண்டியது. மிர்ட்டாசப்பின் என்ற மருந்தில் சுமார் 24தான்.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஹத்தா சிடி உள்ளிட்ட குழுவினர் இந்த வகை மாத்திரை சாப்பிடும் 95 மலேசியப் பெண்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பாலுறவுக் குறை இருந்தது. செரட்டோனின் தொடர்பான ஒரு மரபணுதான் காரணமோ என்று பார்த்தார்கள். அந்த மரபணுவுக்கும் குறைக்கும் தொடர்பு தெரியவில்லை. கணவன் மனைவிக்குள் மனக்கசப்பு இருந்த பெண்களிடம்தான் குறை பல மடங்கு அதிகமாக இருந்தது. மனக்கசப்பால் குறை வந்ததா, குறையால் மனக்கசப்பு வந்ததா என்று அந்த மாதிரி ஆய்வில் பிரிக்க முடியாது. அண்ணி வீட்டில் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

யாருக்கு இந்தத் தொல்லை வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதற்கு மூளையிலேயே ஓர் அடையாளம் தேடுகிறார்கள். தலையில் சின்னச் சின்னத் தகடுகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். வலிப்பு நோய்க்காரர்களுக்கு எடுப்பார்கள். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மனிதத் தலையில் இருந்து முதன்முதலில் அதைப் பதிவு செய்தது 1924இல். அந்தப் பழைய கருவியையே வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். காதில் ஓர் ஒலியை மெதுவாகவும் சத்தமாகவும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். சத்தம் கூடக்கூட மூளையின் பதில் அலை எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார்கள். செரட்டோனின் நன்றாக வேலை செய்கிற மூளையில் அலை அதிகம் துள்ளாது. குறைவாக இருந்தால் சத்தத்துக்கு ஏற்ப எகிறும் என்பது அவர்கள் கணிப்பு.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் மருத்துவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் சுமார் 90 பேருக்கு இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, பிறகு எஸ்சிட்டாலோபிராம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவை 2025இல் ஐரோப்பிய மாநாடு ஒன்றில் வைத்தார்கள். தொடக்கத்திலேயே செரட்டோனின் வேலை அதிகமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் பாலுறவுத் தொல்லை கூடுதலாக வந்தது, குறிப்பாக உச்சநிலை எட்டுவதில். பால் மங்கைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காலி மங்கில் பால் வடிந்தால் சேரும். ஏற்கெனவே நிரம்பிய மங்கில் இன்னும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 90 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. பெரிய ஆய்வில் நிரூபணமாக வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். நாளைக்கு நம் கிளினிக்கில் போய் "அந்தச் சோதனை எடுங்க" என்று கேட்டால் நர்ஸ் உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அதுவரைக்கும் கருவி வேண்டாம், வாய் போதும் என்கிறேன். கிளினிக்கில் ஒன்பது கேள்வி உள்ள தாள் ஒன்றைக் கொடுத்து மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2001இல் அமெரிக்காவில் வெளியான தாள் அது, உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. தூக்கம், பசி, களைப்பு, தற்கொலை எண்ணம் எல்லாம் அதில் உண்டு. ஒன்பதில் ஒன்றுகூடத் தாம்பத்தியத்தைப் பற்றி இல்லை. 1960இல் ஹாமில்டன் என்ற டாக்டர் எழுதிய பழைய தாளில் இருந்தது! சுருக்கமும் வேகமும் வந்தபோது அந்தக் கேள்வி மட்டும் நழுவிவிட்டது. டாக்டர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கும் நேரம் இல்லை. ஆனால் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 2019இல் இருந்த விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு. இவர்களில் எத்தனை பேர் அண்ணியைப் போல மாத்திரையைத் தொட்டியில் கொட்டுகிறார்கள் என்று யார் எண்ணினார்கள்?

சொன்னால் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நிறைய செய்ய முடியும். அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு நாளாவட்டத்தில் தானே சரியாகும் என்று காத்திருக்கச் சொல்வார்கள். மிர்ட்டாசப்பின், புப்ரோப்பியான் மாதிரி இந்தத் தொல்லை குறைவான மருந்துக்கு மாற்றுவார்கள். அவற்றுக்கும் தமக்கென்று வேறு தொல்லைகள் உண்டு. ஆண்களுக்கு வயாக்ரா என்ற சில்டனாபில் உதவுகிறது என்று 2003இலும், பெண்களில் சிலருக்கும் உதவுகிறது என்று 2008இலும் ஆய்வுகள் வந்தன. ஒரு சிலருக்கு மாத்திரையை விட்ட பிறகும் குறை நீடிக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2019இல் ஒப்புக்கொண்டு, மருந்துத் தாளில் எழுதச் சொன்னது. இதை மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பயந்து நாளைக்கே நிறுத்துவதற்காக அல்ல. நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளினிக்குக்குத் திரும்பிப் போவதற்குப் பதிலாகப் பாசார் மாலாமுக்குப் போகிறீர்கள். "ஆண்களுக்கான" காப்பித்தூள் பொட்டலம் வாங்குகிறீர்கள். அந்தப் பொட்டலங்கள் பலவற்றில் யாருக்கும் சொல்லாமல் சில்டனாபிலைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. ஒரு வெள்ளி கொடுத்து அரசாங்க டாக்டரிடம் கேட்க வெட்கம். நாற்பது வெள்ளிக்கு விஷம் வாங்க வெட்கமில்லை.

அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். மறுபடியும் போக அவர் ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் தினமும் போன் பண்ணினேன். ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் கூப்பிட அரசாங்கத்தின் 15555 என்ற எண்ணை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். பிறகு நானே ஒரு சீட்டில் மலாயில் எழுதினேன். "செலெபாஸ் மாக்கான் ஊபாட் இனி, சாயா தியாடா கெயிங்கினான் டெங்ஙான் சுவாமி." இந்த மருந்து சாப்பிட்ட பிறகு கணவரோடு எனக்கு நாட்டம் இல்லை என்று அர்த்தம். கணவனுக்கு மலாயில் சுவாமி என்பதைப் படித்துவிட்டு அண்ணி, "ஆமா, பெரிய சுவாமி" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது.

அந்தச் சீட்டைச் சந்திப்பு அட்டைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தார். டாக்டர் படித்தார். சிரிக்கவில்லை, திடுக்கிடவும் இல்லை. "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். "முன்பு எப்படி இருந்தது?" என்றார். பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார், அங்கே மருந்தை மாற்றினார்கள். அண்ணனையும் உள்ளே கூப்பிட்டு, இது மருந்தின் வேலை, உங்கள் மனைவியின் மனசு இல்லை என்று இரண்டு நிமிடம் விளக்கினார்கள். அண்ணன் லோரி நிறுத்தும் இடத்தில் போய் உட்கார்ந்து தனியாக அழுதாராம். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் சொல்லமாட்டார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்றால், இல்லை. ஒருநாள் போல் ஒருநாள் இல்லை என்கிறார் அண்ணி. புது மருந்து தூக்கத்தைக் கூட்டுகிறது, காலை ஷிப்டுக்கு எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறார். நான்கு கிலோ ஏறிவிட்டது. போன வாரம் பேசும்போது, தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை ஒன்றும் கைக்குள் நுழையவில்லை என்று அரைமணி நேரம் குறைபட்டுக்கொண்டார். பின்னால் அண்ணன், "புதுசு தைச்சாப் போச்சு" என்று சொல்வது கேட்டது.